அமிலமும் காரமும்: டெல்டா மாவட்ட மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிப் பள்ளிகளில் அமிலம், காரம், உப்பு என்னும் பாடம் நடுநிலை வகுப்புகளிலிருந்தே திரும்பத் திரும்ப வருகிறது. வரையறையை மாணவர்கள் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் அதே பாடம் அடுப்படியிலோ வயலிலோ எதிர்ப்படும்போது அடையாளம் காணத் தயங்குகிறார்கள். மாணவர்களும் பெற்றோரும் விவசாயிகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். குறியீடுகளும் சமன்பாடுகளும் பாடநூலிலேயே இருப்பதால் வினைகளைச் சொற்களிலேயே எழுதியிருக்கிறேன்.

அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன?

நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகளைத் தரும் பொருள் அமிலம். ஹைட்ராக்சைடு அயனிகளைத் தரும் பொருள் காரம். அயனி என்பது மின்சுமை கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம். சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வான்டே அர்ரீனியஸ் 1884-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் தொடங்கி வளர்த்தெடுத்த அயனிக் கொள்கையிலிருந்து இந்த வரையறை பிறந்தது. அதற்காக 1903-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வரையறையில் மாணவர்கள் விரைந்து கடந்துவிடும் சொல் ‘நீரில்’ என்பதுதான், பாடத்தின் உயிரும் அதில்தான் இருக்கிறது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலப் படிகத்தையும் சமையல் சோடாவையும் நன்கு உலர்ந்த தட்டில் கலந்து வையுங்கள். ஒன்றும் நடக்காது. அதன் மீது ஒரு கரண்டித் தண்ணீரைத் தெளித்த மறுகணமே நுரை பொங்கும். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவுக்கும் இதே நிலைதான்: அமிலம் பட்டால் சிவக்கும் நீல லிட்மஸ் தாள் உலர்ந்திருந்தால் அதை இந்த வாயு சிவக்க வைப்பதில்லை, தாள் நனைந்திருந்தால் சிவக்க வைக்கிறது. ஒரு பொருள் அமிலமா காரமா என்று கேட்கும்போது, நீரோடு சேர்ந்தால் அது எப்படி நடந்துகொள்கிறது என்றே நாம் கேட்கிறோம். கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கருத்தையே வெவ்வேறு இடங்களில் பொருத்திப் பார்ப்பவை.

அமிலத்தில் ஆக்சிஜன் கட்டாயம் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பிரெஞ்சு அறிஞர் லவாசியே அப்படித்தான் கருதினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பதை 1810 வாக்கில் ஹம்ப்ரி டேவி நிறுவிய பிறகு அந்தக் கருத்து கைவிடப்பட்டது.

புளிப்பாக இருந்தால் அமிலம் என்று முடிவு செய்யலாமா?

உணவுப் பொருள்களில் பெரும்பாலும் சரியாக இருக்கும். புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், தயிரில் லாக்டிக் அமிலமும், வினிகரில் அசிட்டிக் அமிலமும் உள்ளன. ஆனால் ஆய்வகத்தில் உள்ள எந்தப் பொருளையும் நாக்கில் வைக்கக் கூடாது, விரலால் தொட்டுப் பார்க்கவும் கூடாது. காரக் கரைசல் விரலில் வழவழவென்று இருப்பதற்குக் காரணம், அது நம் தோலில் உள்ள கொழுப்பையே சோப்பாக மாற்றத் தொடங்கிவிடுவதுதான்.

காரத்துக்கும் எரிகாரத்துக்கும் என்ன வேறுபாடு?

அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள்களைப் பரந்த பொருளில் காரங்கள் என்பார்கள். அவற்றுள் நீரில் கரைபவற்றையே எரிகாரங்கள் என்கிறோம். காப்பர் ஆக்சைடு அமிலத்தோடு வினைபுரிந்து உப்பையும் நீரையும் தருவதால் அது காரம். ஆனால் நீரில் கரையாததால் எரிகாரம் அன்று. சோடியம் ஹைட்ராக்சைடு காரம், எரிகாரம் என்னும் இரண்டு வகையிலும் சேரும். சுண்ணாம்பு இரண்டுக்கும் இடைப்பட்டது போன்றது: ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம்கூட முழுதாகக் கரையாது, ஆனால் கரைந்த அந்தச் சிறிதளவு முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடுவதால் தெளிந்த சுண்ணாம்பு நீர் நல்ல எரிகாரமாகவே செயல்படுகிறது.

அம்மோனியாவில் ஹைட்ராக்சைடே இல்லாதபோது அது எப்படிக் காரமாகிறது என்று கேட்கும் மாணவரைப் பாராட்ட வேண்டும். அம்மோனியா மூலக்கூறு நீரிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பெற்றுக்கொள்கிறது. எஞ்சி நிற்பது ஹைட்ராக்சைடு அயனி. இந்தக் கொடுக்கல் வாங்கலையே அடிப்படையாகக் கொண்டு 1923-இல் பிரான்ஸ்டெட், லௌரி இருவரும் தனித்தனியே புதிய வரையறையைத் தந்தனர். அது மேல்நிலை வகுப்பில் விரிவாக வரும்.

ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவப்பாகிறது?

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் நிறங்காட்டிச் சோதனை இது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி அமிலத்திலும் நடுநிலை நீரிலும் மஞ்சளாகவே இருக்கும். அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் என்னும் எண் (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) ஏறத்தாழ 8-ஐத் தாண்டும்போது அதன் மூலக்கூறு ஹைட்ரஜன் அயனியை இழக்கத் தொடங்குகிறது. அதன் அமைப்பு மாறுவதால் அது உட்கவரும் ஒளியும் மாறி, நம் கண்ணுக்குச் செந்நிறமாகத் தெரிகிறது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் நகக்கண் அளவு எடுத்து மஞ்சள் நீரில் விட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு விழுந்த இடத்தில் முதலில் ஒரு செம்புள்ளி தோன்றும். பிறகு அதிலிருந்து இழை இழையாகச் சிவப்பு கீழிறங்கும். கலக்கியதும் தட்டு முழுவதும் குருதி நிறமாகும்.

அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மஞ்சள் திரும்பும். ஒவ்வொரு சொட்டும் விழும் இடத்தில் மஞ்சள் தோன்றி மறையும். போதுமான அமிலம் சேர்ந்த பிறகு ஒரு சொட்டில் முழுவதுமே மாறிவிடும். ஆய்வகத்தில் பியூரெட் என்னும் அளவு குறித்த கண்ணாடிக் குழாயை வைத்துச் செய்யும் தரம் பார்த்தல் என்னும் சோதனையில் நிகழ்வதும் இதுவேதான். எலுமிச்சையை உடனே பிழிய வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். காரத்தில் நெடுநேரம் இருந்தால் குர்குமினே சிதைந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் பழைய மஞ்சள் முழுமையாக வராது. வெள்ளைச் சட்டையில் சிந்திய குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவந்து, அலசியதும் மீண்டும் மஞ்சளாவதற்கும் இந்த வினையே காரணம்.

லிட்மஸ் தாள் இல்லாவிட்டால் மஞ்சளை மட்டும் வைத்துச் சோதிக்க முடியுமா?

பாதிதான் முடியும். மஞ்சள் சிவந்தால் காரம் என்று உறுதியாகச் சொல்லலாம். சிவக்காவிட்டால் அமிலமா வெறும் தண்ணீரா என்று சொல்ல வழியில்லை, ஏனெனில் இரண்டிலும் அது மஞ்சளாகவே இருக்கிறது. சிவக்கவில்லை, எனவே அமிலம் என்று விடைத்தாளில் எழுதும் மாணவர்கள் மிகப் பலர். ஒரு சோதனை எதைச் சொல்லும் என்று தெரிந்துகொள்வதைப் போலவே எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்வதும் அறிவியல்தான்.

அந்த மறுபாதிக்கு வேலியோரத்தில் படர்ந்திருக்கும் சங்குப்பூ உதவும். நீல நிறச் சங்குப்பூக்களில் ஒரு கைப்பிடியைச் சூடான தண்ணீரில் சிறிது நேரம் ஊற வைத்தால் ஆழ்ந்த நீலச் சாறு கிடைக்கும். அதை நான்கு கண்ணாடித் தம்ளர்களில் பகிர்ந்து, ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்ற மூன்றில் முறையே எலுமிச்சைச் சாறு, சமையல் சோடாக் கரைசல், தெளிந்த சுண்ணாம்பு நீர் ஆகியவற்றைச் சேருங்கள். எலுமிச்சையில் அது ஊதாவாகி, மேலும் சேர்த்தால் இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். சோடாவில் நீலம் பசுமை கலந்ததாக மாறும். சுண்ணாம்பு நீரில் தெளிவான பச்சையாகும். செம்பருத்தி இதழ்ச் சாறும் அமிலத்தில் சிவந்து காரத்தில் பச்சையாகும். இவற்றில் உள்ள ஆந்தோசயனின் நிறமிகள் இரு பக்கமும் நிறம் மாறுபவை என்பதால் மஞ்சளைவிடக் கூடுதலாகச் செய்தி சொல்கின்றன. தாவரச் சாறுகளின் நிறமாற்றத்தை அமிலம், காரம் பிரித்தறியும் முறையாக ராபர்ட் பாயில் 1664-இல் எழுதி வெளியிட்டார். லிட்மஸ்கூடப் பாசிக்காளான் என்னும் லைக்கனிலிருந்து எடுக்கப்படுவதுதான்.

பிஎச் அளவில் 7 என்பது எப்படி நடுநிலையாகிறது?

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன் 1909-இல் இந்த அளவுகோலை அறிமுகப்படுத்தினார். கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு உள்ளன என்பதைப் பத்தின் அடுக்குகளில் சொல்லும் எண் அது. அயனி கூடினால் எண் குறையும், ஒரு எண் குறைந்தால் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் ஏறத்தாழ 2 என்றும் தயிரின் பிஎச் ஏறத்தாழ 4 என்றும் கொண்டால், எலுமிச்சையில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு இரு மடங்கு அன்று, நூறு மடங்கு. பால் 6.6 அளவில் இருக்கும், கடல் நீர் 8.1 அளவில் இருக்கும், தெளிந்த சுண்ணாம்பு நீர் 12-ஐத் தாண்டும். மாசே இல்லாத மழைநீர்கூடக் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொள்வதால் 5.6 அளவில் சற்றே அமிலமாக இருக்கும்.

இப்போது கேள்விக்கு வருவோம். தூய நீரிலும் மிகச் சிறு பகுதி ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரிந்தே இருக்கிறது. இரண்டும் சம அளவில் இருப்பதே நடுநிலை. 25 டிகிரி செல்சியஸில் அந்தச் சம அளவு 7 என்னும் எண்ணாக அமைகிறது. வெப்பம் ஏறினால் நீர் கூடுதலாகப் பிரிகிறது. கத்திரி வெயில் நாளில் 40 டிகிரியில் இருக்கும் தூய நீரின் பிஎச் ஏறத்தாழ 6.8 தான். அதனால் அது அமிலமாகிவிடவில்லை, இரு அயனிகளும் அங்கேயும் சமமாகவே உள்ளன. 7 என்னும் எண்ணை மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் தடுமாறுவார். சமம் என்னும் கருத்தைப் பிடித்துக்கொண்டவர் தடுமாற மாட்டார்.

வலிமை மிகு அமிலம், செறிவு மிகு அமிலம் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. வலிமை என்பது கரைந்த மூலக்கூறுகளில் எத்தனை பங்கு அயனிகளாகப் பிரிகின்றன என்பதைக் குறிக்கும். அது அந்த அமிலத்தின் இயல்பு. செறிவு என்பது எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு அமிலத்தை நாம் கரைத்தோம் என்பதைக் குறிக்கும். அது நம் கையில் இருக்கிறது. ஒரே செறிவில், அதாவது செறிவின் அலகான மோலாரில் 0.1 அளவில், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் எடுத்துக்கொண்டால் முன்னது முழுவதும் பிரிந்து பிஎச் 1-ஐத் தரும். பின்னதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு மூலக்கூறே பிரிந்து பிஎச் 2.9 அளவில் நிற்கும். வலிமை குறைந்தது என்பதற்காகத் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. செறிவு மிகுந்த அசிட்டிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும்.

கிளிஞ்சல் எப்படிச் சுண்ணாம்பாகிறது?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடலோரத்திலும் உப்பங்கழிகளிலும் கிடைக்கும் கிளிஞ்சல் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சுடும்போது அது கார்பன் டைஆக்சைடை வெளியேற்றிவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது, அதாவது கால்சியம் ஆக்சைடாகிறது. அதில் தண்ணீர் விட்டால் ஓடு வெடித்து, ஆவி கிளம்பி, கொதித்து, வெண்மாவாக உதிர்கிறது. இதுவே நீற்றுதல், கிடைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெளிவரும் வெப்பம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குப் பெரியது என்பதால் குழந்தைகள் அருகில் நிற்கக் கூடாது.

சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைச் சிறிது சிறிதாக ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிறது. கடலில் ஓடாக இருந்த பொருளே சுவரில் மறுபடி கல்லாகிறது என்று சொன்னால் மாணவர்களின் முகத்தில் வரும் வியப்பு எனக்கு எப்போதும் பிடிக்கும். இதை வகுப்பில் காட்டுவது எளிது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் சிறிது மஞ்சளைக் கலந்து சிவக்கச் செய்து, ஓர் உறிஞ்சுகுழல் வழியே மூச்சை ஊதுங்கள். நீர் பால் போலக் கலங்கும், சிவப்பும் மெல்ல மஞ்சளாகும். மூச்சிலுள்ள கார்பன் டைஆக்சைடு நீரில் அமிலமாகிக் காரத்தை நடுநிலையாக்குகிறது. கலங்கல் என்பது கால்சியம் கார்பனேட் வீழ்படிவு, அதாவது நீரில் கரையாமல் பிரியும் திண்மம். ஊத மட்டுமே வேண்டும், தவறியும் உறிஞ்சக் கூடாது.

அமிலமும் காரமும் சேர்ந்தால் கிடைக்கும் உப்பு எப்போதும் நடுநிலையாகத்தான் இருக்குமா?

பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அது தவறு. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் சோடியம் குளோரைடும் நீரும் கிடைக்கும். இரண்டும் வலிமை மிக்கவை என்பதால் அந்த உப்பு நடுநிலையாக இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்து சென்று அள்ளிய வேதாரண்யத்து உப்பு பெரும்பாலும் இந்தச் சோடியம் குளோரைடுதான். கல்லுப்பு மழைக்காலத்தில் கசிவது அதில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுப்பதால்.

சலவை சோடாவும் ஓர் உப்பே. அது வலிமை மிகு காரமும் வலிமை குறைந்த கார்பானிக் அமிலமும் சேர்ந்து உருவானது என்பதால் அதன் கரைசல் நன்றாகவே காரமாக இருக்கும். நவச்சாரம் என்னும் அம்மோனியம் குளோரைடு இதற்கு நேர்மாறு. அதன் கரைசல் சற்றே அமிலமாக இருக்கும். படிகாரமும் அப்படியே.

ஆற்றில் வரும் கலங்கல் நீரில் படிகாரம் போட்டால் தெளிவது அமிலத்தாலா?

நேரடியாக அமிலத்தால் அன்று. புதுவெள்ளத்தைக் கலங்க வைக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் அவை அடியில் படிவதில்லை. படிகாரத்தின் அலுமினியம் அயனி அந்தச் சுமையைத் தணிக்கிறது. அதோடு நீருடன் வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு என்னும் கூழ் போன்ற திரளாகி, துகள்களைச் சேர்த்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. இந்த வினையில் ஹைட்ரஜன் அயனிகளும் வெளிவருவதால் அளவுக்கு மீறிப் படிகாரம் போட்டால் நீர் புளிப்பும் துவர்ப்பும் ஏறிவிடும். தெளிந்த நீரில் கிருமி இருக்கலாம் என்பதால் கொதிக்க வைத்த பிறகே குடிக்க வேண்டும்.

பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் தேய்க்கிறோம்; அதே பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்கிறார்கள். இது முரண்பாடு இல்லையா?

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரமும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் நாள்பட்டால் கறுக்கின்றன. பித்தளையில் உள்ள செம்பு காற்றோடு வினைபுரிந்து ஆக்சைடாவதே அதற்கு முதன்மையான காரணம். ஈரம் பட்ட இடுக்குகளில் பச்சைக் களிம்பும் ஏறும். அது செம்பின் கார்பனேட்டு வகை. இவை காரத்தன்மை உடைய சேர்மங்கள் என்பதால் புளியின் டார்டாரிக் அமிலம் அவற்றைக் கரைத்து, அடியிலுள்ள பளபளப்பை வெளிக்கொணர்கிறது. அமிலம் களிம்பை எடுத்துக்கொண்டு கழுவும் நீரோடு போய்விடுகிறது.

குழம்பிலும் அதே அமிலம் அதே செம்பைக் கரைக்கும்; ஆனால் அங்கே அது கழுவும் நீரோடு போவதில்லை, வயிற்றுக்குள் போகிறது. கூடுதலாகச் செம்பு உட்சென்றால் குமட்டலும் வாந்தியும் வரும். பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசும் வழக்கம் இதைத் தடுக்கத்தான். பூசப்பட வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, அது கலந்திருக்கவே கூடாது.

ஈயம் பூசுபவர் வேலை செய்வதைப் பார்க்க வாய்த்தால் ஒரு கணத்தைத் தவறவிடாதீர்கள். பாத்திரத்தை உலையில் காய்ச்சிய பின் நவச்சாரத் தூளைத் தூவித் துணியால் துடைப்பார். வெள்ளைப் புகை பொங்கும், மூக்கைத் துளைக்கும் நெடி வரும், கறுத்திருந்த உட்புறம் சட்டென்று துலங்கும். வெப்பத்தில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடை நீக்குகிறது. ஆக்சைடு இல்லாத பரப்பில்தான் உருகிய வெள்ளீயம் ஒட்டிப் பரவும்.

ஆப்ப சோடா போட்டால் மாவு ஏன் உப்புகிறது?

மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உருவாக்குகின்றன. ஆப்ப சோடா என்னும் சோடியம் பைகார்பனேட் அந்த அமிலத்தோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடைத் தருகிறது. நன்கு புளித்த மாவில் அந்த வாயு ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதால் சோடாவே தேவையில்லை. கூடுதலாகப் போட்டால் சோப்புச் சுவைதான் மிஞ்சும்.

வயல் களர் ஆகிவிட்டால் அமிலம் ஊற்றியோ சுண்ணாம்பு போட்டோ சரிசெய்யலாமா?

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது, நான் மிகவும் மதிக்கும் கேள்வியும் இதுதான். முதலில் உவர் நிலத்தையும் களர் நிலத்தையும் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் இரண்டுக்கும் மருந்து வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுதியாக இருக்கும். காய்ந்தால் மேலே வெண்ணிறமாகப் பூக்கும். பிஎச் பொதுவாக 8.5-க்குக் கீழேதான் இருக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகைக் கடலோர வயல்கள் பல இந்த நிலைக்கு ஆளாயின. வரப்பைக் கட்டி நல்ல நீரை நிறுத்தி, உப்பைக் கரைத்து, வடித்து வெளியேற்றுவதே இதற்கு வழி. மழை அந்த வேலையைப் பெருமளவு செய்துவிடும்.

களர் நிலத்தில் பிஎச் 8.5-ஐத் தாண்டியிருக்கும். அங்கே களிமண் துகள்களின் மேல் சோடியம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சிக்கல். சோடியம் ஏறிய களிமண் ஈரத்தில் சேறாகக் கரைந்து துளைகளை அடைத்துவிடும், காய்ந்தால் பாறையாக இறுகும். தண்ணீர் தேங்கி நிற்கும், உள்ளே இறங்காது. எனவே உவர் நிலத்துக்குச் செய்வதைப் போல வெறும் தண்ணீரால் கழுவிக் களரைத் தீர்க்க முடியாது. இங்கேதான் ஜிப்சம் தேவைப்படுகிறது. ஜிப்சம் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. அது கால்சியம் சல்பேட் என்னும் உப்பு. மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட்டோடு வினைபுரிந்து கால்சியம் கார்பனேட்டாகவும் சோடியம் சல்பேட்டாகவும் மாற்றுகிறது. களிமண்ணின் மேலிருந்த சோடியத்தை விலக்கி அந்த இடத்தில் கால்சியத்தை வைக்கிறது. விடுபட்ட சோடியம் சல்பேட் நீரில் நன்கு கரைவதால் அதை வடித்துவிடலாம். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போட்டுப் பயனில்லை என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்: சோடியத்தைப் பிரித்தெடுத்து அதே வயலில் நிறுத்திவைத்ததாகத்தான் முடியும்.

சுண்ணாம்பு காரம் என்பதால் களரில் போடவே கூடாது. அது நீலகிரித் தேயிலை நிலம் போன்ற அமில மண்ணின் அமிலத்தைத் தணிக்கப் பயன்படுவது. தக்கைப்பூண்டை வளர்த்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதும் களருக்கு நல்லது. அது மட்கும்போது வெளிவரும் கார்பன் டைஆக்சைடும் கரிம அமிலங்களும் மண்ணில் ஏற்கெனவே கரையாமல் கிடக்கும் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கின்றன. களரையும் உவரையும் தாங்கி வளரும் திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் இரகங்களும் உள்ளன. எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை முடிவைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். மஞ்சளின் நிறமாற்றத்தை வைத்து அந்த அளவைச் சொல்ல முடியாது.

நடவு வயலில் தண்ணீர் நிற்கும்போது மண்ணின் பிஎச் மாறுமா?

மாறும், அதுவும் நடுநிலையை நோக்கி மாறும். நீர் நின்றால் மண்ணுக்குள் காற்று புகாது. அப்போது நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்பு ஆக்சைடு போன்றவற்றைப் பயன்படுத்துகின்றன. அந்த வினைகளில் ஹைட்ரஜன் அயனிகள் செலவாவதால் அமில மண்ணின் பிஎச் உயர்கிறது. கார மண்ணிலோ தேங்கும் கார்பன் டைஆக்சைடு அமிலமாகச் செயல்பட்டு பிஎச்சைத் தாழ்த்துகிறது. சில வாரங்களில் இரண்டு வகை மண்ணும் 7-ஐ ஒட்டி வந்து நிற்கும். நெல் பலவகை மண்ணிலும் வளர்வதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆயினும் இயல்பிலேயே காரத்தன்மை மிகுந்த வயலில் துத்தநாகம் பயிருக்கு எட்டாத வடிவில் கட்டுண்டு கிடக்கும்; நட்ட சில வாரங்களில் இலையில் துருநிறப் புள்ளிகள் தோன்றினால் அந்தக் குறையாக இருக்கலாம் என்று வேளாண் அலுவலரிடம் கேட்க வேண்டும்.

காரத்தன்மை உள்ள தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் உள்ள அமிலம் குறையுமா?

குறையாது. இரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே இருக்குமாறு நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. அந்தத் தண்ணீர் முதலில் போய்ச் சேரும் இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது என்பதும் அத்தகைய தண்ணீருக்கான விளம்பரத்தை நம்புவோர் யோசிக்க வேண்டியது.

அமிலத்தில் தண்ணீர் ஊற்றலாமா, தண்ணீரில் அமிலம் ஊற்றலாமா?

தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அதுவும் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். அடர் கந்தக அமிலம் நீரில் கரையும்போது பெரும் வெப்பம் வெளிவருகிறது. அமிலத்தின் மேல் தண்ணீரை விட்டால், அடர்த்தி குறைந்த தண்ணீர் மேலேயே நின்று கொதித்து அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். கழிவறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வெளிவரும்.

கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டால் எலுமிச்சை பிழிந்து நடுநிலையாக்கலாமா?

கூடவே கூடாது. நடுநிலையாக்கல் பாடத்தைப் படித்த மாணவர் இப்படி யோசிப்பது இயல்பு. ஆனால் அந்த வினையிலும் வெப்பம் வெளிவரும், அமிலமும் தன் பங்குக்குக் கண்ணைப் புண்படுத்தும். தாய்ப்பால், எண்ணெய், விளக்கெண்ணெய் எதையும் விடக் கூடாது. சுண்ணாம்பு கண்ணின் திசுவுக்குள் தொடர்ந்து ஊடுருவிப் போகும் என்பதால் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பாதிப்பைக் கூட்டும். உடனே இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை அரை மணி நேரமாவது தொடர்ந்து விட்டுக் கழுவ வேண்டும்; இமைக்கு உட்புறம் ஒட்டிய துகள்கள் வெளியேறும்படி கண்ணை நாற்புறமும் உருட்டச் சொல்ல வேண்டும். பிறகு, வலி குறைந்துவிட்டாலும்கூட, அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாத்தா பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் உள்ள சுண்ணாம்பு டப்பியும், கடையில் விற்கும் பிதுக்கும் வகைச் சுண்ணாம்புப் பொட்டலமும் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.